கழுதைக்குட்டிப் படத்தின் கடைசி நாற்பது விநாடி

செத்து எட்டு வருஷமான அருளாயி, கழுதைக்குட்டிப் படத்தின் கடைசிக் காட்சியில், தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, கையில் மெழுகுவத்தியோடு பனியில் வந்து நின்றதை முதலில் கண்டுபிடித்தது சந்துப் பிள்ளைகள்தான். பெரியவர்கள் யாரும் அதுவரை அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. உட்கார்ந்து பார்க்கிற மாதிரியான படமும் இல்லை அது. திண்டுக்கல்லில் அந்தச் சந்தில் குடியிருந்த எமரன்சியின் அக்கா இத்தாலியில் கன்னியாஸ்திரியாக இருந்தாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எதையாவது அனுப்பி வைப்பாள். போன வருஷம் உடைப்பதற்கு அம்மிக்கல் தேவைப்பட்ட ஒரு மிட்டாய் வந்தது, இந்த வருஷம் நவம்பர் பத்தாம் தேதி இந்த வீடியோ கேசட் வந்தது. அட்டையில் மூன்றிலிருந்து ஆறு வயதுவரை என்று போட்டிருந்தது. எமரன்சியின் மகள் ஜெசிந்தாவுக்கு ஆறு வயசு, சரியாக விளிம்பில் இருந்தாள்.

படம் இவ்வளவுதான்: ஒரு மலைக் கிராமத்துக் கோயில் மணியின் நாக்கு கழன்று காணாமல் போய்விடுகிறது, மணி அடிக்காவிட்டால் கிறிஸ்துமஸ் வராது என்று ஊரே கதவைச் சாத்திக்கொள்கிறது, ஒரு கழுதைக்குட்டி பனியில் விழுந்து எழுந்து அந்த நாக்கைக் கண்டுபிடித்து வாயில் கவ்விக்கொண்டு வந்து சேர்க்கிறது. பேசுகிற பாஷை யாருக்கும் தெரியாது. கழுதைக்கு எதற்குப் பாஷை என்று பிள்ளைகள் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் மணி அடிக்கும், கோயில் முற்றத்தில் கழுதைக்குட்டியும் மணியடிக்கும் தாடிக்காரரும் மட்டும் நிற்பார்கள், நாற்பது விநாடி பனி விழும், பிறகு படம் எடுத்தவர்களின் பேர்கள் ஓடும். இதைச் சந்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எமரன்சியின் வீட்டு வீடியோ டெக்கில் ஒரு நாளைக்கு மூன்று தடவை பார்த்தார்கள். ஐந்தாம் நாள் ஜெசிந்தா சமையலறை வாசலில் வந்து நின்று, புதுசாக ஒருத்தர் வந்திருக்கிறார் என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எமரன்சி, வந்தால் உட்காரச் சொல் என்றாள்.

பக்கத்து வீட்டுத் தெக்லாதான் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரீவைண்ட் பண்ணச் சொல்லி மறுபடி பார்த்தாள். அது தன் மாமியார் அருளாயி இல்லை என்று முதலில் சாதித்தாள். தன் மாமியார் ஜென்மத்தில் கவுன் போட்டவளில்லை, கைக்கு நாலு விரல் வைத்தவளில்லை, முக்கியமாகச் சிரித்தவளே இல்லை. ஆனால் அந்தக் கார்ட்டூன் கிழவி கண்ணை ஒரு தடவை சாய்த்து, தாடிக்காரரின் மெழுகுவத்தி தன்னுடையதைவிட நீளமா என்று அளந்து பார்த்தாள். தெக்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகத்தில் அப்படி அளக்கிற கண் ஒரே ஒரு ஜோடிதான்.

அதற்கப்புறம் தினமும் ஒருவர் இருவராக வந்தார்கள். இருந்தவரை தவளைக் குரலில் பாடிய சவரி வந்தார், மஞ்சள்காமாலையில் போன டெய்சி வந்தாள், மார்க்கெட்டில் வண்டி மோதிச் செத்த ரெண்டு சகோதரர்கள் ஒரே மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் கம்பளித் தொப்பி, உருண்டைத் தலை, சிவந்த கன்னம், கையில் எரிகிற மெழுகுவத்தி. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்து, டிசம்பரிலும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாதவர்கள், முழங்கால் பனியில் சாவகாசமாக நின்றார்கள். கார்ட்டூனாகப் போனதில் சிலருக்கு அழகு கூடியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எப்படி வருகிறார்கள் என்பதைக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் இறந்தவர்களின் பேரை எழுதிக் கவரில் போட்டுக் கொடுக்கும், அவர் அதையெல்லாம் நீள நோட்டில் ஏற்றி வைப்பார், பங்குச்சாமி பெலவேந்திரன் நவம்பர் முழுக்க மாலைப் பூசையில் நாளுக்கு ஒரு பக்கமாக வாசிப்பார். அன்று வாசித்த பக்கத்தில் இருப்பவர்கள் அன்றிரவு முற்றத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசையில் பேர் வாசிப்பதே இந்த மாதிரி ஏதோ ஒன்று நடக்கத்தானே, இவ்வளவு நாள் கண்ணுக்குத் தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். பெலவேந்திரன் சாமி ஒரு நாள் வந்து முழுப் படத்தையும் பார்த்தார், இன்னொரு டம்ளர் காபி கேட்டார், பூசை நேரத்தில் மட்டும் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதிர்வீட்டு மீனலோச்சனி, மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், தன் வீட்டுக்காரர் பேரை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அவர் மறுக்கவில்லை; அந்த மனிதரும் நெற்றியில் விபூதியோடு, தொப்பியோடு, இரண்டாம் வரிசையில் வந்து நின்றார்.

மாதா சுரூபம் வீட்டுக்கு வீடு போய்த் தங்குகிற மாதிரி கேசட்டும் சுற்றட்டும் என்று, சந்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் முடிவானது. மெழுகுவத்தி பிடித்து, பாட்டுப் பாடி, தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் சந்தில் மற்ற இரண்டு டெக்கும் கேசட் நாடாவின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துவிட்டதால் நாலே நாளில் அது எமரன்சியின் வீட்டுக்கே திரும்பி வந்து சேர்ந்தது. கூடவே சந்தும் வந்து சேர்ந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த நாற்பது விநாடியில் சொல்ல வேண்டியதை எல்லாம் ஒரே நேரத்தில் சொல்வார்கள்: பேரன் பாஸாகிவிட்டான், போர் போட்டுத் தண்ணீர் வந்தாயிற்று, நீ ஒளித்துவைத்த வளையல் அரிசிப்பானையில் இருந்தது. படத்தை நிறுத்திவைக்கத் தெக்லா விடமாட்டாள். நிறுத்தினால் மேலும் கீழும் கோடு விழுந்து எல்லோரும் நடுங்குகிறார்கள், அங்கே ஏற்கெனவே குளிர் என்பாள். பிள்ளைகளுக்குத்தான் ஆத்திரம். அது அவர்கள் படம். கழுதை வரும்போது யாரும் பேசக்கூடாது என்று ஜெசிந்தா ஒரு சட்டம் போட்டாள். அந்த ஒரு சட்டத்துக்குப் பெரியவர்கள் கட்டுப்பட்டார்கள்.

எமரன்சி மட்டும் அந்த நாற்பது விநாடியைப் பார்க்க மாட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் அவளுக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

காரணம் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி மாலை, அவள் புருஷன் ஜோக்கிம், ஒரு டாக்டர் கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தவர், வாசலில் கிறிஸ்துமஸ் காகித ஸ்டாரைக் கட்டினார், சுவிட்சைப் போட்டார், பல்பு எரியவில்லை. வேறு பல்பு போடச் சொல்லி அவள் மூன்று தடவை சொன்ன பிறகும் ஸ்டாரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தடவை அவள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சைக்கிளை எடுத்தார். கடை சந்து முனையில் இருக்கிறது, போக இரண்டு நிமிஷம். சைக்கிள் மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் பூட்டியபடி நின்றது. ஆள் கிடைக்கவில்லை. ஜெசிந்தாவுக்கு அப்போது ஒரு வயசும் இரண்டு மாசமும்.

அன்றிலிருந்து எமரன்சி நடுவில் இருந்தாள். தாலியைக் கழற்றவில்லை, பூ மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தாள். ஜெபமாலை முடிந்து வேண்டுதல் சொல்லும்போது உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று என்று வரும். அவள் இரண்டிலும் வாயை மூடிக்கொண்டு, பிரயாணம் செய்கிறவர்களுக்காக என்று ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொண்டாள். கல்லறைத் திருநாளுக்கு அவர் பேரைக் கவரில் போட்டதே இல்லை. துக்க வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். எமரன்சி ஸ்டாரைக் கட்டினாள், ஆனால் அதில் பல்பு போடவில்லை. ஐந்து கிறிஸ்துமஸாக அது வாசலில் வெறும் காகிதமாகத் தொங்கியது, சந்தும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தது.

நவம்பர் கடைசியில் தையல்காரர் சில்வெஸ்டர் முற்றத்தில் வந்து நின்றதும்தான் குழப்பம் ஆரம்பமானது. அவர் அந்த நேரத்தில் எமரன்சி வீட்டில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். திரையில் அவரே, காதில் பென்சிலும் தலையில் தொப்பியுமாக, முதல் வரிசையில் நின்றார். யாரும் கத்தவில்லை, பக்கத்தில் இருந்தவர் மட்டும் அவர் கையை மெல்லத் தொட்டுப் பார்த்தார். விஷயம் பெரிதில்லை, தகப்பனார் பேரைக் கொடுத்தபோது கொடுத்தவர் பேரையும் உபதேசியார் அதே பக்கத்தில் எழுதிவிட்டார். சில்வெஸ்டர் இரண்டு நாள் வாடிக்கையாளரை எல்லாம் கூட்டிவந்து காட்டினார், மூன்றாம் நாள் அவர் பெண்சாதி அழுததால் பங்குச்சாமியிடம் போய் நோட்டில் பேரைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னார். அடித்த மறுநாள் அவர் அங்கே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நெருங்கிக்கொண்டார்கள். அவர் கையில் இருந்த மெழுகுவத்தி எரியவில்லையே, கவனித்தீர்களா என்று பிற்பாடுதான் தெக்லா கேட்டாள். நினைத்துப் பார்த்தால் ஆமாம், எரியவில்லை. அப்படியானால் எரிந்தால் போய்விட்டார், எரியாவிட்டால் இருக்கிறார், அவ்வளவுதானே என்று சந்து நிம்மதியானது.

முப்பதாம் தேதி கடைசிப் பக்கம் வாசித்தார்கள். அன்று எமரன்சியால் பூசைக்குப் போக முடியவில்லை, ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல். சாயங்காலம் படத்தில் மணி அடித்ததும் வழக்கம்போல் அவள் சமையலறைக்குப் போனாள், ஹாலில் சத்தமே வரவில்லை. பேரனும் போரும் வளையலும் ஒன்றும் வரவில்லை. பிறகு ஜெசிந்தாவின் குரல் மட்டும் கேட்டது: "பல்பு வச்சிருக்கிறது யாரு?"

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள். தெக்லா ரீவைண்ட் பண்ணினாள். மணி அடித்தது, பனி விழுந்தது, எல்லோரும் மெழுகுவத்தியோடு நின்றார்கள். முப்பதாவது விநாடியில் ஓரத்திலிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஓடிவந்தார், தொப்பி சாய்ந்திருந்தது, ஒரு கால் பேன்ட்டில் சைக்கிள் கிளிப். மெழுகுவத்தி இல்லை. வலது கையில், காதருகே தூக்கி ஆட்டிப் பார்த்துக்கொண்டே, ஒரு சின்ன பல்பு. பல்பு வாங்கினால் காதருகே ஆட்டிப் பார்க்காமல் ஜோக்கிம் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வந்தவர் நின்றார், வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், எந்த வீடு என்று தெரியாதவர்போல. பேர்கள் ஓட ஆரம்பித்தன.

"எரியுதா?" என்றாள் எமரன்சி.

பல்பு எரியவில்லை, அது சரி. எரியாததால் அவர் உயிரோடு இருக்கிறார் என்றார் சில்வெஸ்டர், தன் அனுபவத்தை வைத்து. கையில் வைத்திருக்கிற பல்பு எப்படி எரியும், ஒயர் எங்கே, ஹோல்டர் எங்கே என்றாள் தெக்லா. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படத்தை ஏழு தடவை போட்டுப் பார்த்தார்கள். ஏழு தடவையும் அவர் ஓடிவந்தார், ஏழு தடவையும் பல்பு பல்பாகத்தான் இருந்தது.

பேரைக் கொடுத்தது நாத்தனார் ஆக்னஸ். மறுநாள் அவளே வந்தாள், ஜோக்கிமின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். எமரன்சி உட்காரச் சொல்லவில்லை.

"மதினி, திட்டுறதுன்னா திட்டுங்க," என்றாள் ஆக்னஸ் நின்றபடியே. "உயிரோட இருந்தா அந்த ஜெபம் ஒண்ணும் அவரைச் செய்யப்போறதில்லை. இல்லாமப் போயிருந்தா அஞ்சு வருஷமா ஒரு ஆத்துமாவுக்கு ஒரு நாதி இல்லை. நீங்க சொல்ல மாட்டீங்க. யாராச்சும் சொல்லணும்ல?"

எமரன்சி உள்ளே போனாள். காபி போட்டுக் கொடுத்தாள், சர்க்கரையை மறந்துவிட்டாள், ஆக்னஸும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் எமரன்சிக்கு வீடு வீடாக இல்லை. பெண்கள் வந்தால் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார ஆரம்பித்தார்கள், அதுவும் சுவரில் சாய்ந்து, துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி. ஒருத்தி பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தாள். இன்னொருத்தி, இந்த வருஷம் பலகாரம் நாங்கள் சுட்டுத் தருகிறோம் என்றாள், குரலைத் தாழ்த்தி. டிசம்பர் பிறந்து சந்தில் எல்லா வாசலிலும் ஸ்டார் ஏறிவிட்டது. எமரன்சி கட்டுகிறாளா, விடுகிறாளா என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் அந்த வெறும் கொக்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். கட்டினால் அவர் இருக்கிறார். கட்டாவிட்டால் இல்லை. பல்பு இல்லாமல் கட்டுவது என்கிற பழைய நடுவழியை இந்த வருஷம் யாரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், ஜெசிந்தாவைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் ஒரு போட்டோ. இப்போது காலையில் பல் தேய்த்ததும் கேசட்டைப் போட்டு, கழுதையைக்கூட ஓட்டிவிட்டு, நேராக முற்றத்துக்குப் போய், ஓடிவருகிற ஆளுக்குக் குட்மார்னிங் சொன்னாள். அப்பா ரொம்பக் குள்ளமா என்று கேட்டாள். அப்பாவுக்கு நாலு விரல்தானா என்று கேட்டாள். ஒரு நாள் டிவிக்கு முன்னால் தட்டில் இரண்டு முறுக்கு இருந்தது. எமரன்சி அதை எடுத்து உள்ளே வைக்கப் போனவள், வைக்காமல் திரும்பவும் அங்கேயே வைத்தாள்.

இப்போது அவளும் பார்த்தாள். எல்லோரும் போனபிறகு, பகலில், ஜெசிந்தா ஸ்கூலுக்குப் போனபிறகு. ஒவ்வொரு தடவையும் அவர் அதே அவசரத்தில் ஓடிவந்தார், அதே திகைப்போடு வீடுகளைப் பார்த்தார், ஒரு வீட்டிலும் ஏறவில்லை. பத்து விநாடி. ஐந்து வருஷமாக ஒரு விநாடிகூட இல்லாதவளுக்குப் பத்து விநாடி பெரிசுதான். ஆனால் இருபது நாள் பார்த்தபிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, ஆக்னஸ்மேலா, அந்த மலைக் கிராமத்தின்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத கோபம். யாரோ எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு நாலு தடவை பனியில் ஓடிவந்து விழிக்க வேண்டுமா?

இருபத்து மூன்றாம் தேதி காலையில் சாமியார் பங்களாவுக்குப் போய்ப் பெலவேந்திரன் சாமியின் மேஜைக்கு முன்னால் நின்றாள். பேரை அடித்துவிடுங்கள் என்றாள். அவர் நோட்டை எடுத்தார், கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"அடிச்சா நாளைக்கு இருக்க மாட்டாரும்மா. பிள்ளை தேடுமே."

"தெரியும் ஃபாதர்."

"அப்போ உயிரோட இருக்கார்னு நம்புறீங்களா?"

"அது எனக்குத் தெரியாது," என்றாள் எமரன்சி. "செத்தாருன்னு சொன்னது நான் இல்லை. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

அவர் ஒரு கோடு போட்டார், ஸ்கேல் வைத்து, நேராக.

வருகிற வழியில் சந்து முனைக் கடையில் ஏறினாள். ஐந்து வருஷமாக அந்தக் கடையை மட்டும் தாண்டிப்போய் அடுத்த தெருவில் பேட்டரி செல்கூட வாங்கினவள். ஜீரோ வாட்ஸ், சிவப்பு, என்றாள். கடைக்காரர் ஹோல்டரில் போட்டு எரியவிட்டுக் காட்டி, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்டாரைக் கொக்கியில் மாட்டி, பல்பைத் திருகினாள். சுவிட்சைப் போடவில்லை. எதிர்வீட்டில் மீனலோச்சனி கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அடுத்த பத்து நிமிஷத்தில் சந்துக்கே தெரிந்துவிட்டது.

ஆறரைக்கு நாற்காலிகள் வந்தன. ஆக்னஸும் வந்து கதவோரம் நின்றாள். படம் ஓடியது, கழுதை வந்தது, யாரும் பேசவில்லை. மணி அடித்தது, அப்போதும் யாரும் பேசவில்லை. அன்றைக்குத் தங்கள் ஆட்களிடம் சொல்ல யாருக்கும் சேதி இருக்கவில்லை. எமரன்சி எல்லோருக்கும் முன்னால் போய் டிவி பக்கத்தில் நின்றாள். முப்பதாவது விநாடியில் அவர் ஓடிவந்தார், பல்பைக் காதருகே ஆட்டினார், வீடுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பல்பு நானே வாங்கிட்டேன்," என்றாள், பக்கத்து அறையில் இருப்பவரிடம் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல். "அதுக்காக நீங்க அங்க நிக்க வேணாம்."

அவர் பல்பை ஆட்டுவதை நிறுத்தினார். நிறுத்தினாரா, அல்லது படம் அங்கே முடிகிற இடமா என்று பிறகு வெகுநாள் வாதம் நடந்தது. பேர்கள் ஓடின.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, பூசைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று மறுபடி கூடிவிட்டார்கள். அவர் இல்லை. ஆனால் சில்வெஸ்டர் போனபோது நெருங்கிக்கொண்ட மாதிரி யாரும் நெருங்கிக்கொள்ளவில்லை. அவர் நின்ற இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. அந்த இடத்திலிருந்து பனியில் காலடித்தடங்கள் ஆரம்பித்து, கூட்டத்தைத் தாண்டி, திரையின் கீழ் விளிம்புவரை வந்து முடிந்தன.

இந்தப் பக்கம் வருகிறது என்றாள் ஜெசிந்தா. அந்தப் பக்கம் போன பழைய தடம் அது, உள்ளே போனபோது பதிந்தது என்றாள் தெக்லா. சில்வெஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். குழந்தைகளுக்கான படம், தடத்தை வெறும் முட்டை முட்டையாகத்தான் வரைந்திருந்தார்கள். விரல் எந்தப் பக்கம், குதிகால் எந்தப் பக்கம் என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. ஆக்னஸ் தன் மதினியின் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

எமரன்சி வாசலுக்குப் போய் ஸ்டார் சுவிட்சைப் போட்டாள். அது எரிந்தது. சிவப்பு வெளிச்சம் படியில் விழுந்து, நடை வழியாக உள்ளே வந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவள் திரும்பி வந்து, டிவிக்கும் வாசலுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"நாற்காலியை ஓரமா போடுங்க," என்றாள். "வழியில உக்காந்திருக்கீங்க."